அந்தமானுக்கு எத்தனை சுற்று

என் கணவர் ஓய்வு பெற்றது எண்பத்தொன்றாம் ஆண்டு ஆனி மாதம். தாலுகா அலுவலகத்தில் நில அளவைப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாளும் வழக்கமான நேரத்துக்குக் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தரை மணி வரை அப்படியே இருந்துவிட்டு, எழுந்து வீட்டை அளந்தார். பத்திரத்தில் எழுதியிருப்பதைவிடக் கிழமேலில் நான்கு அங்குலம் குறைவாக இருந்தது. அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல முடியாது. பத்திரத்துக்கு அளந்து கொடுத்தவரும் அவர்தான்.

இப்படிப் பதினேழு நாள் போயிற்று. பதினெட்டாம் நாள் நான் பள்ளியிலிருந்து ஒரு செய்தியோடு வந்தேன். அப்போது நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்களோடு வேலை பார்த்த புவியியல் ஆசிரியை கோடை விடுமுறையில் கணவரோடு அந்தமான் போய் வந்திருந்தார். மதராஸில் கப்பல் ஏறினால் மூன்று பகல், மூன்று இரவு கடல். அங்கே இறங்கிய பிறகு உட்கார நேரமில்லை என்றார். காட்டுக்குள் நடை, படகில் தீவு தீவாகப் போவது, குன்று ஏறுவது, கலங்கரை விளக்கத்தின் உச்சிக்குப் போவது. இதையெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். என் கணவர் சாம்பார் ஊற்றிக்கொள்ள மறந்து வெறும் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

"கப்பலு எவ்ளோ நாளைக்கு ஒரு தரம்?" என்று கேட்டார்.

"போற கப்பலு நம்மள எறக்கி விட்டா, திரும்பி ஏத்திக்கறதுக்குப் பதினாலு நாளாவுமாம்."

"பதினாலு," என்றார். அன்று மாலை ஒரு குயர் கோடு போட்ட தாள் வாங்கி வந்தார்.

எங்கள் வீட்டில் மூன்றாவதாக இருந்தவர் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. கணவர் இறந்த பிறகு பதினோரு வருடமாக எங்களோடு இருந்தார். கடலைக்காய் உடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "என் பேரையும் எழுது" என்று மட்டும் சொன்னார். தம்பி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது நாத்தனார், "எழுதிட்டியா?" என்று கேட்டார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. என் கணவர் எழுதினார்.

திட்டத்தின் முதல் பிரதி ஆடி மாதம் ஆறாம் தேதி முடிந்தது. நாள், இடம், போகும் விதம், நடக்கும் தூரம் என்று நான்கு கட்டங்கள். தூரத்தை அவர் மைலிலும் எழுதவில்லை, கிலோமீட்டரிலும் எழுதவில்லை. சுற்றுக் கணக்கில் எழுதினார். இந்த ஊரில் ஒருவருக்குத் தூரம் புரிய வேண்டுமானால் அப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலையை ஒருமுறை சுற்றி வந்தால் பதினான்கு கிலோமீட்டர், அதுதான் ஒரு சுற்று. காட்டு நடை பூஜ்யம் புள்ளி ஆறு சுற்று. குன்று ஏறி இறங்குவது பூஜ்யம் புள்ளி நான்கு.

நான் ஒரு திருத்தம் சொன்னேன். மலை சுற்றும் பாதை சமதரை. நிழல் இருக்கிறது, வழியெல்லாம் உட்கார இடம் இருக்கிறது, சோடாக் கடை இருக்கிறது. குன்றில் அதெல்லாம் கிடையாது. எனவே ஏற்றத்தை இரண்டால் பெருக்க வேண்டும். அவர் ஒன்றரை போதும் என்றார். நான்கு நாள் இதைப் பேசினோம். கடைசியில் ஒன்றே முக்கால் என்று முடிவாயிற்று. அதன்படி கணக்குப் போட்டதில் பார்க்க வேண்டிய இடங்களுக்கு எட்டு நாள் ஆயிற்று. எந்த நாளும் முக்கால் சுற்றைத் தாண்டவில்லை. ஆறு நாட்கள் அரைச் சுற்றுக்கு மேல் இருந்தன. பதினான்கில் மீதி ஆறு நாட்களுக்கு வேலையே இல்லை. கப்பல் வரும் வரை அங்கே சும்மா இருக்க வேண்டும். அவற்றுக்கு 'உபரி' என்று எழுதினார். அந்தச் சொல் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆவணி முதல் பயிற்சி ஆரம்பித்தது. புவியியல் ஆசிரியை சொன்னதிலிருந்து, கப்பலில் ஏறும் படி சாய்வாக இருக்கும், கால் வைத்தால் ஆடும் என்று தெரிந்தது. மொட்டைமாடிக்குப் போக எங்களிடம் ஒரு மூங்கில் ஏணி உண்டு. நாத்தனார் அதில் ஏற வேண்டும், அவர் ஏறும்போது நான் கீழே நின்று ஏணியை ஆட்ட வேண்டும் என்று என் கணவர் சொன்னார். நாத்தனார் மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"ஏண்டா, கப்பல்ல ஏணிய ஆட்டறதுக்குன்னே ஆளு வெச்சிருக்கானா?"

"அலை ஆட்டும்க்கா."

"அப்ப அலைய வரச் சொல்லு. இவ எதுக்கு ஆட்டறா?"

ஏணிப் பயிற்சி அன்றோடு நின்றது. அடுத்தது குமட்டலுக்குப் பயிற்சி. பக்கத்து வீட்டில் தோல் வியாபாரம் செய்த பாய் இருந்தார். அவர் வீட்டுக் கூடத்தில் பெரிய ஊஞ்சல் ஒன்று. பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ் போய் வந்தவர் என்பதால், எங்கள் தெருவில் கடல் பற்றி அவர் சொல்வதுதான் தீர்ப்பு. என் கணவர் விஷயத்தைச் சொல்லி ஊஞ்சலைக் கேட்டார். பாய் தாராளமாக ஆடுங்கள் என்றார். அவரும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். பாயின் மனைவி ஆட்டிவிட்டார். இருபத்திரண்டாவது நிமிடம் என் கணவர் இறங்கிக் கிணற்றடிக்குப் போனார். நாத்தனார் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, அவர்கள் கொடுத்த சேமியாவையும் ஊஞ்சலிலேயே சாப்பிட்டார்.

பாய் என் கணவரிடம் ஆறுதலாகச் சொன்னார்: "ஊஞ்சல்ல பழகினா ஊஞ்சல்ல போலாம் சார். கப்பல்ல பழகறதுக்குக் கப்பலுதான் வேணும். எலுமிச்சங்கா ஊறுகா ஜாஸ்தியா எடுத்துக்குங்க. மொத நாளு சாப்பாட்டக் கம்மி பண்ணிக்குங்க. வேற வழி கெடையாது."

இதுவும் திட்டத்தில் ஒரு கட்டமாகச் சேர்ந்தது.

ஐப்பசியில் கப்பல் அலுவலகத்திலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு உடல் தகுதி பற்றி ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. என் கணவருக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு நாற்பத்தொன்பது. ஆகவே நாத்தனாருக்கு மட்டும்தான் அது வேண்டும். பன்னிரண்டாம் தேதி, பள்ளி விட்ட பிறகு, தெருமுனையில் இருந்த டாக்டரிடம் அவரை அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நாடி பிடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

"நடக்கறீங்களாம்மா?"

"மாசா மாசம் பௌர்ணமிக்கு மல சுத்தறேன்."

"எத்தினி வருசமா?"

"அது ஆச்சு, இருவது வருசம்."

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். "மல சுத்தறவங்களுக்கு நான் என்னம்மா சர்டிபிகேட் குடுக்கறது?" என்று சொல்லிக்கொண்டே முத்திரையும் குத்தினார். முழங்காலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை. நாத்தனார் மாதா மாதம் போவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் மலை சுற்றுகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகு அதற்கு மேல் கேள்வி இல்லை.

திரும்பி வரும்போது நாத்தனார் பாத்திரக்கடை தாண்டியதும் நின்றார்.

"ஏம்மா, நான் பொய் ஒண்ணும் சொல்லலியே?"

"என்ன பொய், அண்ணி?"

"மாசா மாசம் போறேன். சுத்தும் முடிக்கறேன். ஒரே நாள்லியான்னு அந்தாளு கேக்கல."

பிறகு விளக்கினார். ஆறு வருடத்துக்கு முன் மூட்டில் வலி வந்தபோது ஆரம்பித்த ஏற்பாடு அது. மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் அவருடைய சித்தி மகள் வீடு இருக்கிறது. பாதையில் ஏறக்குறையப் பாதித் தூரம். ஒரு பௌர்ணமிக்குக் கோயிலில் ஆரம்பித்து அதுவரை நடப்பார். அன்று அங்கேயே தங்கிவிட்டு, காலையில் ஊருக்குப் பூ ஏற்றி வரும் மாட்டு வண்டியில் வீடு வந்துவிடுவார். அடுத்த பௌர்ணமிக்கு மத்தியானமே அந்த வண்டி திரும்பும்போது ஏறிப் போய், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்து மீதிப் பாதியை நடந்து கோயிலுக்கு வந்து முடிப்பார். ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு மாதம்.

ஒரு மாதம் காலையில் வண்டியில் வந்து இறங்குவதையும், மறு மாதம் விளக்கு வைத்த பிறகு புழுதிக் காலோடு வருவதையும் ஆறு வருடமாக நாங்கள் பார்த்திருக்கிறோம். சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தேன் என்பார். சுற்றி முடித்துவிட்டுத்தான் அங்கே போய்த் தங்கினார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"வண்டில வர்றத நீங்க சுத்துல சேக்கறதில்ல இல்ல?" என்று கேட்டேன். கணக்கு ஆசிரியைக்கு அதுதான் முதலில் தோன்றியது.

"அத எதுக்கு சேக்கணும்? அது போக்குவரத்து," என்றார்.

கணக்கில் குற்றம் இல்லை. ஆனால் எங்கள் திட்டத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணும் ஒரே நாளில் நடக்கும் சுற்றை வைத்துப் போட்டது. தவிர, கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பரீட்சை என்று என் கணவர் ஏற்கெனவே அறிவித்திருந்தார். மூவரும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று நடக்க வேண்டும். நான்கரை மணி நேரத்துக்குள் முடிக்காதவர் பெயர் படிவத்தில் இருக்காது. நாத்தனார் முடிக்கவில்லையானால் அந்த மூன்று வாரமும் கீழ்பென்னாத்தூரில் அவர் மைத்துனர் வீட்டில் இருக்கலாம் என்று அதற்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்.

"தம்பிக்கிட்ட சொல்லாதம்மா. பேர அடிச்சுடுவான்."

"அங்க போயி அவ்ளோ நடக்கணுமே, அண்ணி. நெசமா ஆசைதானா?"

அவர் கோயில் பக்கம் திரும்பி, அதற்குப் பின்னால் தெரிந்த மலையைக் கையால் காட்டினார். "பொறந்ததுலேருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இது நிக்குது. கும்பிடத்தான் கும்பிடறேன், இல்லங்கல. ஆனா எதுவுமே நிக்காத எடம் ஒண்ணு இருக்குதுன்றாங்க இல்ல, மூணு நாளைக்கு வெறும் தண்ணின்னு, அத ஒரு தரம் பாத்துடணும்."

அன்றைய நாட்குறிப்பில் இதை உள்ளபடி எழுதினேன். என் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் பொய் சொல்வதற்கும் இருக்கும் வித்தியாசத்தை நாத்தனார் டாக்டரிடம் ஏற்கெனவே காட்டியிருந்தார். நான் செய்தது ஒன்றுதான். எந்த நாளும் முக்கால் சுற்றைத் தாண்டாத பயணத்துக்கு முழுச் சுற்றுப் பரீட்சை எதற்கு, முக்கால் சுற்று போதுமே என்று வாதம் செய்தேன். என் கணவர், அளவையில் கைவசம் கொஞ்சம் கூடுதல் வேண்டும் என்றார். எங்கள் வீட்டு நான்கு அங்குலத்தை நினைவுபடுத்தினேன். அதனால்தான் சொல்கிறேன் என்றார்.

கார்த்திகை முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். என் கணவர் இந்தப் பயணத்துக்காக வாங்கிய கேன்வாஸ் ஷூவைப் போட்டிருந்தார். நாத்தனார் வாசலிலேயே நிறுத்தினார்.

"மல சுத்தறதுக்கு செருப்பா?"

"இது மல சுத்தறது இல்லக்கா. பயிற்சி."

"மல நடுவுல இருக்குது. நீ அத சுத்திக்கினு வரப் போற. பேர மாத்திட்டா ஆச்சா? கழட்டு."

கழற்றினார். வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். காட்டு நடைக்குச் சுமையோடு போவதும் பழக வேண்டும் என்று இரண்டையும் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். செங்கம் ரோடு வரை நன்றாகத்தான் போனோம். வழக்கமாக உட்காருகிற இடங்களில் நாத்தனார் உட்காரவில்லை. நாங்கள் முன்னால் போக, முப்பது அடி பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "இன்னிக்கு முடிச்சுடறேன் பாரு" என்று புறப்படும்போதே என் காதில் சொல்லியிருந்தார். மூன்று இடங்களில் நான் வேண்டுமென்றே நின்று, வழியில் வைத்திருந்த குடத்துத் தண்ணீர் குடித்தேன். என் கணவர் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்தார். மேற்குப் பக்கம் ரோட்டில் அப்போதுதான் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அங்கிருந்து, வெறுங்காலோடு வந்த என் கணவரின் நடையும் மாறிற்று.

அடி அண்ணாமலை வந்தபோது மணி எட்டரை. நாத்தனாரின் வலது முழங்கால் புடவைக்கு மேலேயே தெரிகிற அளவு வீங்கியிருந்தது. மீதி ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பிச் சித்தி மகள் வீட்டுக்குள் போனார். நாங்களும் பின்னால் போனோம். அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் பாயை விரித்துத் தலையணையைப் போட்டார்.

"வாங்கக்கா. பௌர்ணமி இல்லாமியே வந்துட்டீங்க? இந்தத் தடவ தொணைக்கு ஆளு வேறயா. தூக்குல சோறு இருக்குது, சாப்ட்டுப் படுங்க. வண்டி நாளைக்குக் காலைலதானே."

"எதுக்கு வண்டி? எதுக்குப் பாய்?" என்றார் என் கணவர்.

நாத்தனார் பாயில் உட்கார்ந்து காலை நீட்டினார். "உக்காருடா, சொல்றேன்" என்று, என்னிடம் சொன்ன அதே வரிசையில், ஆறு வருடத்தையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு, "டாக்டரு மேல தப்பில்ல. பேர அடிக்கறதுன்னா அடி" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"ஐப்பசி பன்னெண்டுலேருந்து."

"ஏன் சொல்லல?"

"டைரில எழுதியிருக்குது."

"உன் டைரிய நான் படிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ங்க."

அவர் தோளிலிருந்து ஷூவை இறக்கி வைத்தார். சட்டைப் பையிலிருந்து திட்டத்தின் ஒன்பதாம் பிரதியையும் பென்சிலையும் எடுத்தார். அடிப்பதற்குத்தான் என்று நாங்கள் நினைத்தோம். சித்தி மகள் காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறும் வரை அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாத்தனாரிடம் கேட்டார்:

"ஆறு வருசத்துல ஒரு தரமாவது பாதி விட்டுப் போயிருக்குதா?"

"எப்பிடி விடுவேன்? அடுத்த மாசம் வந்து முடிச்சுடுவேனே."

"மறு நாளே நடக்கச் சொன்னா முடியுமா?"

"வண்டிக்காரன் வந்துடறானேன்னுதான் போறேன். படுத்து எழுந்தா காலு சரியாயிடும்."

அவர் கணக்குப் போட ஆரம்பித்தார். எட்டு நாளில் அரைச் சுற்றைத் தாண்டியவை ஆறு. அந்த ஆறையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் பன்னிரண்டு. பிரிக்க வேண்டாதவை இரண்டு. ஆக, பதினான்கு. கப்பல் இறக்கிவிட்டுத் திரும்பி ஏற்றுவதற்கும் பதினான்கு. மூன்று முறை கூட்டிப் பார்த்தார். என்னையும் கூட்டச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது. 'உபரி' என்ற சொல்லை ஆறு இடத்திலும் அடித்தார். ஆடி மாதத்திலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி அப்போது வந்தது.

"வெளக்கு கோபுரத்துல பாதி ஏறிட்டு எறங்கிடணுமா?" என்று நாத்தனார் கேட்டார்.

"இல்லக்கா. போறது ஒரு நாளு. ஏர்றது மறு நாளு."

"அப்ப சரி."

சித்தி மகள் கணவர் போய்ச் சொல்ல, பூ வண்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வண்டி பூட்டி மூவரையும் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வரும் வழியில் யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. என் கணவர் இரண்டு உள்ளங்காலையும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். நானும் நடந்து வருவதாக வற்புறுத்தவில்லை. பரீட்சையில் யாரும் தேறவில்லை என்பதை அவர் எங்கும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

மறுநாள் படிவத்தைப் பூர்த்தி செய்தார். வயது வரிசைப்படி எழுதச் சொல்லியிருந்ததால் நாத்தனார் பெயர் முதலில் வந்தது. தலைமைத் தபால் அலுவலகத்தில் பதிவுத் தபாலாக நானே சேர்த்தேன். மார்கழி இருபத்தெட்டாம் தேதி மூன்று படுக்கைக்கும் சீட்டு வந்தது. தை மாதக் கப்பல். நாத்தனார் சீட்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர் என்பதால் புறப்படும் தேதியை என்னிடம் கேட்டார். சொன்னேன். சமையலறைக்குப் போய், மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து தம்பி மடியில் வைத்தார்.

"பௌர்ணமி எப்பன்னு பாரு."

கப்பல் கிளம்பி இரண்டாம் நாள் பௌர்ணமி. மார்கழிப் பௌர்ணமிக்கு அவர் போய், வழக்கம்போல அடி அண்ணாமலை வரை நடந்துவிட்டு வண்டியில் வந்திருந்தார். மீதிப் பாதி தைப் பௌர்ணமிக்கு நடக்க வேண்டியது. பதினோரு பிரதி எழுதியதில், இந்த ஊரில் இருந்துகொண்டு, நாங்கள் இருவரும் பௌர்ணமி எப்போது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

என் கணவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரத்து பண்ணிட்டு அடுத்த கப்பலுக்கு எழுதலாம்க்கா. ஒரு மாசம்தானே. ஆறு வருசமா விடாம பண்ணிக்கினு வர்றது."

நாத்தனார் சீட்டை அவர் கையிலிருந்து வாங்கி, மடிப்பு கலையாமல் உறையில் போட்டு, தன் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.

"வேணாம். பாதி அங்கியே இருக்கட்டும். வந்து நடந்துக்கறேன். மல எங்க போவப் போவுது?"

என் கணவர் பதினோராம் பிரதியை எடுத்து, எல்லாக் கட்டத்துக்கும் கீழே ஒரு கோடு போட்டு எழுதினார்: 'ஊர் திரும்பியதும், அடி அண்ணாமலையிலிருந்து கோயில் வரை, அரைச் சுற்று. மூவரும்.'